உடுத்தாத தெய்வங்கள்: சமயக் கலையில் நிர்வாணம் எதைச் சொல்கிறது?

பிரிட்டனில் ஏலத்தில் எடுக்கப்பட்ட ஏழு ஓவியங்கள் 2023இல் மும்பை வந்து சேர்ந்தன. நான்கு எஃப்.என். சூசா வரைந்தவை, மூன்று அக்பர் பதம்சீயுடையவை. நிர்வாண உருவங்களைக் கண்ட சுங்கத்துறை, ஆபாசப் பொருள் என்று சொல்லி அவற்றைப் பறிமுதல் செய்தது. விவகாரம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், 2024 அக்டோபரில்தான் விடுவிக்கும்படி உத்தரவு வந்தது. உருவத்தில் ஆடை இல்லை என்பதற்காகவே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்றது நீதிமன்றம். அதே 2023இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலைப் படம் காட்டப்பட்டதைப் பெற்றோர் சிலர் எதிர்க்க, அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவி விலக நேர்ந்தது.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் விவாதம் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. ஒருவர் கஜுராஹோ கோயில் சிற்பங்களைக் காட்டுவார். இன்னொருவர் வத்திக்கான் ஓவியங்களைக் காட்டுவார். மூன்றாமவர் "அது வேறு, இது வேறு" என்பார். மூன்றாமவர் சொல்வது பெரும்பாலும் சரி. எப்படி வேறு என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

ஆடையின்மையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் மூன்று சொற்களுக்கும் சமயத் தொடர்பு உண்டு.

1. அம்மணம்: சமணர்களைப் பழந்தமிழ் 'அமணர்' என்றது. அவர்களுடைய துறவிகள் ஆடையின்றித் திரிந்ததால் 'அமணம்' என்பதே 'அம்மணம்' ஆயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் விளக்குவார்கள். ஒரு சமயத்தின் பெயரே ஒரு நிலையின் பெயராகிவிட்டது.

2. நிர்வாணம்: வடமொழியில் இதற்கு 'அணைந்துபோதல்' என்று பொருள். விளக்கு அணைவதுபோல ஆசை அணைந்த வீடுபேற்று நிலை அது. ஆடையின்மைக்கு வடமொழியில் 'நக்னம்' என்ற தனிச்சொல் இருக்கிறது. தமிழுக்கு வந்த நிர்வாணம் இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. 'புத்தர் நிர்வாணம் அடைந்தார்' என்ற வரியைப் படித்து வகுப்பில் சிரிப்பை அடக்கிக்கொண்ட தலைமுறைகள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பிக்குகள் ஆடையின்றி இருக்கக்கூடாது என்று விதித்தவர் புத்தர். அவருடைய சிலைகளும் சீவரம் என்ற துறவாடையோடுதான் இருக்கும்.

3. திகம்பரம்: திக்கு, அம்பரம் என்ற இரு சொற்களின் சேர்க்கை. திசைகளையே ஆடையாக உடுத்தியவர் திகம்பரர். இச்சொல்லின்படி அவர் ஆடையில்லாதவர் அல்லர். உலகிலேயே பெரிய ஆடை அவருடையது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலாடை இல்லாமையும் முழு நிர்வாணமும் ஒன்றல்ல. சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனியில் மார்பு திறந்திருக்கும். இடுப்புக்குக் கீழே கூர்ந்து பார்த்தால் மெல்லிய கோடுகளாகத் துணி மடிப்பும், கணுக்காலருகே அதன் விளிம்பும் தெரியும். அக்காலப் பெண்டிரும் ஆடவரும் உடுத்திய முறைக்கு அது அணுக்கமானது. அதை நிர்வாணம் என்று படிப்பது, தைத்த ரவிக்கை பரவிய பிறகு வந்த கண்ணால் பார்ப்பது.

ஒரே உடல், நேரெதிர்ப் பொருள்

இன்றைய ஈராக்கில், பழைய உருக் நகரில் கிடைத்த, வெண்ணிறக் கல்லாலான ஜாடி ஒன்று பாக்தாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமை. உயரம் ஒரு மீட்டர் அளவு. அதன் நடு அடுக்கில் ஆடவர் வரிசையாகக் கூடைகளையும் கலயங்களையும் ஏந்தி நடக்கிறார்கள். ஒருவர் உடலிலும் துணி இல்லை. அவர்கள் போவது இனன்னா தேவியின் சந்நிதிக்கு. தெய்வத்தின் முன் தூய்மையோடு நிற்பவனின் நிர்வாணம் அது. அதே மெசபடோமியாவில் வெற்றி பெற்ற மன்னர்களின் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்தால், கைகள் பின்னால் கட்டப்பட்டு இழுத்துச் செல்லப்படும் போர்க்கைதிகளும் நிர்வாணமாகவே இருக்கிறார்கள். அங்கே அது அவமானம். ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே உடல். பொருள் மட்டும் தலைகீழ்.

இதை ஒழுங்காக வகைப்படுத்தியவர்கள் இடைக்கால ஐரோப்பியத் துறவிகள் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பியேர் பெர்சுயிர் என்ற பிரெஞ்சுத் துறவி நிர்வாணத்தை நான்காகப் பிரித்தார்:

1. இயற்கை நிர்வாணம். ஏதேனில் ஆதாமும் ஏவாளும் இருந்த நிலை. மனிதனுக்குத் தன் சிறுமையை நினைவூட்டுவது.
2. உலகியல் நிர்வாணம். உடைமை எதுவும் இல்லாத நிலை. வறுமையால் வந்ததாகவும் இருக்கலாம். தானே விரும்பி விட்டதாகவும் இருக்கலாம். அசிசி நகர் பிரான்சிஸ், பேராயர் முன் தன் உடைகளைக் கழற்றித் தந்தையிடம் கொடுத்த காட்சி அசிசி ஆலயச் சுவரில் தீட்டப்பட்டிருக்கிறது.
3. நற்குண நிர்வாணம். மாசற்ற மனத்தின் அடையாளம். உண்மையை ஆடையற்ற பெண்ணாக வரைவது இந்த வகை.
4. குற்ற நிர்வாணம். காமம், வீண்பகட்டு, நாணமின்மை. பேய்களும் பழைய ரோமானியத் தெய்வங்களும் இதற்குள் அடக்கப்பட்டன.

இந்தப் பட்டியல் கிறித்தவ இறையியலுக்குள் பிறந்தது. எல்லாச் சமயங்களுக்கும் அளவுகோலாகாது. ஆனாலும் இன்றைய சண்டைகளில் பெரும்பாலானவை நான்காவது வகை ஒன்றுதான் உண்டு என்று நினைத்துக்கொள்வதால் வருபவை. அந்தத் துறவி அப்படி நினைக்கவில்லை.

கொடி படர்ந்த உடல்

உடுத்தாமையையே கோட்பாடாக்கியது சமணம். திகம்பரப் பிரிவின் வாதம் எளிது. ஆடை ஓர் உடைமை. உடைமை இருந்தால் அதைத் துவைக்க வேண்டும், காயப்போட வேண்டும், திருட்டுப்போகாமல் காக்க வேண்டும். பற்று அங்கே தொடங்குகிறது. நாணமும் உடல்மீதுள்ள பற்றுதான். ஆகவே முழுத்துறவி ஆடையையும் துறந்தாக வேண்டும். சுவேதாம்பரர் இதை ஏற்கவில்லை. வெண்ணிற ஆடை துறவுக்குத் தடையில்லை என்றார்கள். இது ஏதோ துணியைப் பற்றிய சில்லறைத் தகராறாகத் தோன்றலாம். அதன் விளைவு பெரியது. ஆடை துறந்தால்தான் வீடுபேறு என்றால், ஆடை துறக்க அனுமதியில்லாத பெண்ணுக்கு இப்பிறவியில் வீடுபேறு இல்லை என்றாகிறது. திகம்பரர் அப்படியே சொன்னார்கள். சமணத்தின் ஞானகுருக்களான தீர்த்தங்கரர்களில் 19ஆமவரான மல்லி ஒரு பெண் என்று சுவேதாம்பரர் சொல்வதையும், இல்லை ஆண்தான் என்று திகம்பரர் மறுப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கலையில் இந்தப் பிளவு தாமதமாகத்தான் தெரியத் தொடங்குகிறது. மதுராவின் பழைய தீர்த்தங்கரர் சிலைகளில் நிற்பவர்கள் நிர்வாணமாகவே நிற்கிறார்கள். குஜராத்தின் அகோட்டாவில் கிடைத்த, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு ரிஷபநாதர் செப்புச்சிலையில்தான் இடுப்பு வேட்டி வருகிறது.

கர்நாடகத்தின் சிரவணபெளகொளாவில், விந்தியகிரிக் குன்றின் உச்சியில் நிற்கும் கோமடேசுவரர் இந்த மரபின் உச்சம். 57 அடி உயரம், ஒரே கல். கங்க மன்னர்களின் அமைச்சரும் படைத்தலைவருமான சாவுண்டராயர் ஏறத்தாழ 981இல் செய்வித்தது. இது தீர்த்தங்கரர் சிலையன்று; அண்ணன் பரதனோடு நாட்டுக்காகப் பொருதி, வெல்லும் தறுவாயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நின்ற பாகுபலி. 'நின்ற' என்பதே இங்கு முக்கியம். கைகள் உடலைத் தொடாமல் நேரே தொங்குகின்றன. கால்களருகே புற்றுகள், புற்றிலிருந்து பாம்புகள் தலைநீட்டுகின்றன. மாதவிக்கொடி முழங்காலைச் சுற்றித் தொடையேறி, கைகளையும் பற்றி மேலே போகிறது. நிற்பவருக்கு அது தெரியவில்லை. இந்த நிலைக்குப் பெயர் காயோத்சர்க்கம். உடலைக் கைவிடுதல் என்று பொருள். பார்ப்பவனை ஈர்க்கவோ மிரட்டவோ அந்த உடல் எதுவும் செய்யவில்லை. கொடிக்கு அது ஒரு மரம், அவ்வளவுதான்.

சிலையின் காலடியில் தமிழ் வரி ஒன்றும் இருக்கிறது. கன்னடத்திலும் மராத்தியிலும் எழுதியதோடு 'ஸ்ரீ சாமுண்டராஜன் செய்வித்தான்' என்று தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். தமிழகத்துக்குள்ளும் இந்த உருவங்களுக்குக் குறைவில்லை. கழுகுமலைப் பாறையிலும் மதுரை கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் திகம்பர உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கின்றன. அதே மண்ணில் எழுந்த தேவாரப் பாடல்கள் சமணத் துறவிகளின் உடுத்தாமையை எள்ளி நகையாடுகின்றன. ஆடையின்மை பற்றிய கலாசாரச் சண்டை நமக்குப் புதிதல்ல.

பிட்சாடனரும் பட்டுப் பரிவட்டமும்

சமணத் துறவியை எள்ளிய சைவத்தின் கோயில்களிலேயே உடுத்தாத சிவன் நிற்கிறார். அவர்தான் பிட்சாடனர். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வியே போதும், இறைவன் எதற்கு என்று செருக்கோடிருந்தபோது, சிவன் ஆடையற்ற பிச்சைக்காரனாக அவர்கள் குடில்களுக்குப் போனார். முனிபத்தினியர் தன்னை மறந்து பின்தொடர்ந்தார்கள். முனிவர்களின் தவப்பெருமை ஒரு பிச்சைக்காரன் முன் கரைந்தது. சமணத்தில் ஆடையின்மை ஆசை அணைந்ததைக் காட்டுகிறது. இங்கோ அது ஆசையைக் கிளப்பி, ஆசையை வென்றுவிட்டோம் என்று நினைத்தவர்களைச் சோதிக்கிறது. இரண்டையும் 'இந்திய மரபில் நிர்வாணம்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம்.

திருவெண்காட்டில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுப் பிட்சாடனர் திருமேனி இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறது. பிட்சாடனர் உருவங்களின் இலக்கணம் சுவையானது. காலில் மரப்பாதுகை. முழங்காலுக்குக் கீழே ஒரு மணி. பிச்சைக்காரன் வருகிறான் என்று தெருவுக்கு அறிவிப்பது. ஒரு கையை நோக்கி மான் துள்ளி நிற்கும். பக்கத்தில் பிச்சைப் பாத்திரத்தைத் தலையில் சுமந்த குள்ளப் பூதம். இடுப்பில் ஆடைக்குப் பதிலாக ஒரு பாம்பு. அதுவும் எதையும் மறைப்பதற்காகச் சுற்றப்பட்டதன்று.

ஆனால் இந்த உருவத்தைச் செய்வித்த காலத்தில் ஊர்மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால் விடை வேறாக இருக்கும். உற்சவமூர்த்தி வீதிக்கு வரும்போது பட்டு, பரிவட்டம், நகை, மாலை என்று அலங்காரத்துக்குள் இருப்பார். முகமும் கைகளும் பாதமும் தெரிந்தால் உண்டு. முழு வடிவத்தைக் கண்டவர்கள் வார்த்த ஸ்தபதியும், அபிஷேகம் செய்யும் குருக்களும், திருமஞ்சனத்தின்போது அருகில் நின்றவர்களும்தான். அந்த உடல் உடுத்துவிப்பதற்காகவே உடுத்தாமல் வார்க்கப்பட்டது. கண்ணாடிப் பேழைக்குள் விளக்கொளியில் வெற்றுடலாக நிற்பது அருங்காட்சியகம் கொடுத்த கோலம்.

இதே முறையை நமக்குத் தொடர்பில்லாத ஜப்பானிலும் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டில் அங்கே சில சிற்பிகள் மரத்தில் ஏறக்குறைய ஆடையே இல்லாத திருவுருவங்களைச் செதுக்கினார்கள். மேலே அசல் துணியை உடுத்துவதற்காக. நாராவில் உள்ள தென்கோஜி கோயிலின் 1228ஆம் ஆண்டு ஜிசோ போதிசத்துவருக்கு இன்றும் ஆண்டுக்கு ஒருமுறை ஆடை மாற்றுகிறார்கள். காமகுராவில் 1266ஆம் ஆண்டிட்ட பென்சாய்தென் உருவமும் இப்படிப்பட்டதே. பென்சாய்தென் வேறு யாருமில்லை. பௌத்தத்தோடு கடல்கடந்து போன நம் சரஸ்வதி. பக்கத்திலுள்ள எனோஷிமா தீவில் வீணை போன்ற பிவாவை ஏந்தி நிர்வாணமாக அமர்ந்திருக்கும் இன்னொரு பென்சாய்தென் கலைக்காவலாக வழிபடப்படுகிறாள்.

இந்த இடத்தில் ஓவியர் எம்.எஃப். ஹுசைன் நினைவு வராமல் போகாது. அவர் 1970களில் ஆடையின்றி வரைந்த சரஸ்வதி கோட்டோவியம் 1996இல் பெரும் புயலைக் கிளப்பியது. 'ஜப்பானில் கும்பிடுகிறார்களே' என்பது, தெய்வத்தை இப்படி வரையலாமா என்ற எதிர்ப்புக்குப் பதிலாகாது. எனோஷிமாவின் உருவம் ஒரு வழிபாட்டு ஒழுங்குக்குள் இருக்கிறது. ஹுசைனின் கோடுகள் தாளில் இருந்தன. அதே சமயம், 'நம் மரபில் இல்லாதது' என்ற எதிர்வாதமும் நிற்காது. கேள்வி மரபில் உண்டா இல்லையா என்பதன்று. ஒரு வடிவம் அதைத் தாங்கிய சடங்கை விட்டு வெளியே வரும்போது எதை வைத்து அதைப் படிப்பது என்பதுதான்.

காளியையும் லஜ்ஜாகௌரியையும் விரிக்க இங்கே இடமில்லை. காளி மாயையின் திரைகளைக் கடந்தவள். வெட்டுண்ட கைகளே அவளுக்கு மேகலை. தக்காணத்தின் லஜ்ஜாகௌரிக்குத் தலை இருக்கும் இடத்தில் தாமரை. கால்களை அகட்டிய பிரசவக் கோலம். பிள்ளைவரம் கேட்டு வந்தவர்கள் வணங்கிய வளமைத் தாய். அயர்லாந்து, இங்கிலாந்துத் தேவாலயச் சுவர்களில் காணும் ஷீலா-ந-கிக் என்ற பெண்ணுருவம் பார்வைக்கு இவளைப் போலவே இருக்கும். உறவு கொண்டாட ஆதாரம் எதுவும் இல்லை.

துணி வரைந்தவர்

கிறித்தவக் கலையில் ஆடையற்ற உடலுக்கு வலுவான இறையியல் காரணங்கள் உண்டு. கடவுள் மெய்யாகவே மனிதனானார் என்றால், அவருக்கு முழு மனித உடல் இருந்தாக வேண்டும். மறுமலர்ச்சிக்கால ஓவியங்களில் மரியாளின் மடியில் குழந்தை இயேசு பெரும்பாலும் துணியில்லாமல் இருப்பது இதற்காகவும்தான். இத்தாலியின் ராவென்னா நகரில், ஆரியஸ் என்பவரைப் பின்பற்றிய கிறித்தவப் பிரிவினரின் ஞானஸ்நானக் கூடத்துக் கூரையில், யோர்தான் ஆற்று நீருக்குள் இயேசு ஆடையின்றி நிற்கிறார். அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் உடை களைந்தே நீரில் இறங்கினார்கள். ரோமானியர் சிலுவையில் அறைந்ததும் ஆடை பறித்துத்தான்.

தாவீது சிலையையும் முதலில் கேட்டது பிளாரன்ஸ் பேராலய நிர்வாகம். கோயிலின் வெளிமுகட்டில் வைப்பதற்காக. 1501 முதல் 1504 வரை செதுக்கி முடித்த பிறகுதான் நகரச் சதுக்கத்துக்குப் போனது. அதன் சுதை நகல் ஒன்று 1857இல் விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக வந்தபோது, லண்டன் அருங்காட்சியகத்தார் அரை மீட்டர் அளவில் ஓர் அத்தி இலை செய்து வைத்தார்கள். அரச குடும்பத்துப் பெண்கள் வரும் நாளில் கொக்கியில் மாட்டுவார்கள், போனதும் கழற்றிவிடுவார்கள். சிலை மாறவில்லை, பார்க்க வருபவர் மாறினார்.

மைக்கேலாஞ்சலோவின் 'இறுதித் தீர்ப்பு' கதை இன்னும் சிக்கலானது. வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் பலிபீடச் சுவரில் 1536 முதல் 1541 வரை வரையப்பட்டது. கல்லறையிலிருந்து எழுபவர்களுக்குப் பட்டமும் பதவியும் கிடையாது. அரசனும் ஆண்டியும் ஒரே உடலோடு நிற்கிறார்கள். ஆகவே ஆடை இல்லை. போப்பாண்டவரின் சடங்குத் தலைவர் பியாஜோ இதைக் குளியலறைக்கும் மதுக்கடைக்கும் ஏற்ற படம் என்று சொன்னதாகவும், ஓவியர் அவர் முகத்தையே நரகத்தின் நீதிபதிக்குக் கழுதைக் காதுகளோடு வைத்துவிட்டதாகவும் கதை உண்டு. வலது கீழ்மூலையில், பாம்பு சுற்றிய உருவம் அது.

பியாஜோவின் முறையீடு எடுபடவில்லை. காலம் மாறியது எடுபட்டது. சீர்திருத்தச் சபையினர் கத்தோலிக்க உருவங்களைச் சாடிக்கொண்டிருந்த வேளையில், 1563 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருவுருவங்களில் காமக்கவர்ச்சி கூடாது என்று விதித்தது. 1565இல் ஓவியர் தானியேலே ட வோல்தெரா சாரமேறி உருவங்களின் இடுப்பில் துணிகளை வரைந்தார். 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. பாவம், அவர் மைக்கேலாஞ்சலோவின் நண்பர்; வேறொருவர் கையில் போயிருந்தால் சுவரே மிஞ்சியிருக்குமோ என்னவோ.

பெரும்பாலான துணிகள் மேற்பூச்சாகத்தான் போடப்பட்டன. புனித கத்தரீனாள், புனித பிளாசியார் இருவரை மட்டும் அவர் சுண்ணச்சாந்தோடு கொத்தி எடுத்துவிட்டு ஈரச்சாந்தில் புதிதாக வரைந்தார். ஆடையற்ற கத்தரீனாளின் பின்னால் பிளாசியார் குனிந்து நின்ற கோலம் வேறு எண்ணத்தைத் தந்தது என்பது காரணம். இப்போது அவர் முகம் கிறிஸ்துவை நோக்கித் திரும்பியிருக்கிறது. 1990களின் தூய்மைப்பணியில் பிற்காலத்துத் துணிகள் சில அகற்றப்பட்டன; தானியேலேயின் துணிகள் அவையும் வரலாறு என்று விட்டுவைக்கப்பட்டன. கொத்தி எடுத்த இருவரை மட்டும் எந்தப் பணியாலும் மீட்க முடியாது. ஓவியர் மர்ச்செல்லோ வெனுஸ்தி 1549இல் வரைந்துவைத்த சிறிய நகல் நேப்பிள்ஸில் இருப்பதால்தான் பழைய கோலம் நமக்குத் தெரிகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியச் சட்டம் இந்தச் சிக்கலை மூன்று படிகளில் எதிர்கொள்கிறது.

1. இடம். ஆபாசத்தைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, கோயிலில் உள்ள சிற்பங்களுக்கும் ஓவியங்களுக்கும் விலக்களித்தது. தெய்வத் திருமேனிகளை ஏற்றிச் செல்லும் தேரையும் பெயர் சொல்லியே சேர்த்தது. தேரடியில் நின்று மரச்சிற்பங்களைப் பார்த்த யாருக்கும் ஏன் என்று புரியும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவிலும் இந்த விலக்கு தொடர்கிறது.

2. நோக்கம். கலை, இலக்கியம், அறிவியல், கல்வி ஆகியவற்றின் நன்மைக்காக என்று நிறுவ முடிந்தால் விலக்கு உண்டு. இது 1969 திருத்தத்தில் வந்தது.

3. பார்வை. யாருடைய கண்ணால் பார்ப்பது? எளிதில் கெடக்கூடிய மனத்தை ஒரு படைப்பு கெடுக்குமா என்று கேட்ட 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹிக்லின் அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 1964இல் ஏற்றது. 2014இல் அதைக் கைவிட்டு, படைப்பை முழுமையாகவும் சமகாலச் சமுதாயத்தின் அளவுகோலாலும் பார்க்க வேண்டும் என்றது.

முதற்படி உறுதியானது, தேர்ச்சிற்பத்தை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. வழக்குகள் எல்லாம் இரண்டாவது, மூன்றாவது படிகளில்தான் நடக்கின்றன. கான்வாஸுக்குக் கோயிலும் இல்லை, தேரும் இல்லை. ஏழு ஓவியங்கள் ஓராண்டுக்கும் மேலாகச் சுங்கத்துறையிடம் கிடந்ததற்கு இதுதான் அடிப்படை.

இப்போது சட்டத்துக்கு வெளியே இன்னோர் அதிகாரியும் வந்திருக்கிறார்: சமூக ஊடக நிறுவனம். ஆஸ்திரியாவின் வில்லெண்டார்ஃபில் 1908இல் கிடைத்த, 11 சென்டிமீட்டரே உயரமுள்ள கற்காலப் பெண்ணுருவத்தின் படத்தை ஃபேஸ்புக் தடுத்துவிட்டதாக 2018 தொடக்கத்தில் செய்தி வந்தது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளாக ஆடையின்றி இருப்பவள் அப்படியே இருக்கட்டும் என்று வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சினந்தது. ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. விளம்பரங்களில் நிர்வாணத்துக்கு அனுமதியில்லை என்றாலும் சிலைகளுக்கு விதிவிலக்கு இருக்கிறது, ஆகவே அந்தப் படத்தைத் தடுத்தது தவறு என்று விளக்கம் சொன்னது.